மனச்சிதைவும் மின்விசையும்

மனச்சிதைவு நோய் பெரும்பாலும் இளமையிலேயே மக்களைப் பற்றுகின்றது. ஆடவரிற் பலர்க்கு இருபதாம் வயதையொட்டியும், பெண்டிர்க்கு அதனினுஞ் சில ஆண்டுகள் பிந்தியும் அது வெளிப்படும். கல்லூரியை விட்டுப் பல்கலைக்கழகம் புகும் பருவமும், தொழிலொன்றில் அமரும் பருவமும் அதுவேயாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி ஏறக்குறைய 300 பேருக்கு ஒருவர் இந்நோயுடன் வாழ்கின்றனர். பேசுவார் எவருமின்றிக் காதிற் குரல் கேட்பதும், யாரோ தனக்குக் கேடு சூழ்கின்றார் என ஐயுறுவதும் ஊரார் யாவரும் அறிந்த குறிகள். இவற்றை அடக்கும் மருந்துகள் 1952ஆம் ஆண்டு தொடக்கம் உள. ஆயினும், குரல்கள் அடங்கி வீடு திரும்பிய இளைஞன் பாடநூலை மீண்டும் கையில் எடுக்கும்போது, பக்கத்தின் அடியை எய்துமுன் அதன் மேற்பகுதி அவன் உள்ளத்தினின்றும் நழுவிவிடுகின்றது. கடைக்குச் சென்றால், வாங்கவேண்டிய மூன்று பொருள்களில் ஒன்றே நினைவில் நிற்கின்றது. வீட்டார் சோம்பல் என்று கடிவர். ஆசிரியர் அக்கறையின்மை எனக் கருதுவர். அது சோம்பலன்று, நோயின் ஒரு பகுதியே. மருந்துகள் தீண்டாத அப்பகுதியை, மண்டையைத் திறவாது, புறத்தேயிருந்து செலுத்தும் மின்விசையாலும் காந்தவிசையாலும் திருத்த முயன்ற வரலாறு பல திருப்பங்கள் உடையது, இன்னும் முற்றுப்பெறாதது.

இக்குறைபாடு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. நோயை முதன்முதல் வகுத்துரைத்தவர் கண்ணிற்கே அது பட்டிருந்தது. யேர்மனி நாட்டு மருத்துவ அறிஞர் எமில் கிறேப்பெலின் 1893ஆம் ஆண்டு வெளியிட்ட தமது பாடநூலின் நான்காம் பதிப்பில் இந்நோயைத் தனியே பிரித்துக் காட்டினார். 1899ஆம் ஆண்டின் ஆறாம் பதிப்பில் அதன் எல்லையை விரிவுற வரைந்தார். அவர் அதற்கு இட்ட பெயரின் பொருள், இளமையில் நேரும் அறிவுத்தேய்வு என்பதாம். பெயரே எது முதன்மையானது என்று அவர் எண்ணினார் என்பதைப் புலப்படுத்தும். இலைப்சிக் நகரிற் பரிசோதனை உளவியலைத் தோற்றுவித்த வுண்டு என்பாரிடம் பயின்றவர் அவர். எண்களை இடையறாது கூட்டிச் செல்லுமாறு பணித்து, உளத்தின் உழைப்பும் களைப்பும் எவ்வாறு ஏறி இறங்குகின்றன என அளந்து பார்த்தவர். ஆதலின் நோயாளரின் கவனம் சிதறுவதையும் சிந்தனை தளர்வதையும் அவர் காணத் தவறவில்லை.

சுவிற்சர்லாந்தின் சூரிச்சு நகர மருத்துவமனையிற் பணியாற்றிய ஒயிகன் புளொய்லர் 1908ஆம் ஆண்டிற் புதுப்பெயர் ஒன்றைச் சூட்டினார். பிளவுண்ட மனம் என்னும் பொருள்படும் அப்பெயரே இன்று உலகெங்கும் வழங்குகின்றது. நோயுற்ற யாவரும் முடிவில் அறிவு தேய்ந்து அழிவர் என்ற கிறேப்பெலினின் கருத்தை அவர் மறுத்தார். எண்ணங்களை ஒன்றோடொன்று பிணிக்கும் கட்டு தளர்தலே மூலம். நினைவும் அறிவும் அடிப்படையிற் கெடுவதில்லை என்பது அவர் துணிபு. நோயாளர் பலர் நன்னிலை எய்தியதைக் கண்டு கூறிய மறுப்பாதலின் அதில் இரக்கமும் உண்மையும் இருந்தன. எனினும் அதனால் நேர்ந்த விளைவொன்றுண்டு. அறிவாற்றலின் குறைபாடு பின்வந்த மருத்துவரின் நோக்கினின்றும் விலகி, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் மூலையிற் கிடந்தது.

கிறேப்பெலின் கண்டது முற்றிலும் பிழையன்று என்பதற்கு நியூசிலாந்திற் சான்று கிடைத்தது. டனீடின் நகரில் 1972, 1973ஆம் ஆண்டுகளிற் பிறந்த ஓராயிரத்துக்குச் சற்று மேற்பட்ட குழந்தைகளை ஆய்வாளர் விடாது தொடர்ந்து பரிசோதித்து வந்தனர். பிற்காலத்தில் மனச்சிதைவு நோயுற்றோர், நோயின் சாயல் எதுவுமில்லாத ஏழாம் வயதிலேயே சொல்லறிவு பற்றிய தேர்வுகளிற் பின்தங்கியிருந்தமை 2010ஆம் ஆண்டு வெளியான ஆய்விற் புலனாயிற்று. சிந்தையின் விரைவிலோ அவர்கள் ஆண்டுதோறும் தோழரினும் மெல்லவே வளர்ந்தனர். குரல் கேட்பதற்குப் பல்லாண்டு முன்னரே குறைபாடு தொடங்கிவிடுகின்றது என்பது இதனால் விளங்கும்.

இனி, மின்விசையின் கதை மனச்சிதைவின் கதையினும் மிகப் பழையது. உரோம மருத்துவர் கிறிபோனியசு இலார்கசு என்பார், கிளாடியசு மன்னன் காலத்தில், தீராத தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கை மீனைத் தலையில் வைக்குமாறு எழுதிவைத்தார். மின் என்பது யாதென எவரும் அறியாத காலம் அது. வோல்ற்றா 1800ஆம் ஆண்டில் மின்னடுக்கை இயற்றியபின்னரே ஓயாது பாயும் மின்னோட்டம் மருத்துவர் கைக்கு வந்தது. அதனை மனநோயாளர் தலையிற் செலுத்திப் பார்த்தவருள் முந்தியவர், தவளைக் காலைத் துடிக்கவைத்துப் புகழ்பெற்ற கல்வானியின் மருகராகிய யோவான்னி அல்டினி. அவர் முதலில் தம் தலையிலேயே மின்னைப் பாய்ச்சிப் பார்த்தார். அதன்பின் சில நாள் உறக்கமிழந்தார். பின்னர் பொலோஞ்ஞா நகர மருத்துவமனையில், கடுஞ்சோர்வில் ஆழ்ந்திருந்த இளங்கமக்காரன் ஒருவனுக்கு அச்சிகிச்சையைச் செய்து, அவன் நலமுற்றான் என 1804ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அறிவித்தார். ஒரே நோயாளி, ஒப்பிட்டுப் பார்க்க வேறொருவர் இல்லை. நோய் தானாகவே தணிந்திருக்கலாம் என்ற ஐயத்திற்கு அந்நூலில் விடையில்லை. இருநூறு ஆண்டு கழிந்தும் இத்துறையினர் இதே ஐயத்துடன் போராடுவதைப் பின்னர்க் காணலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் எஞ்சிய பகுதியை விரைந்து கடக்கலாம். மின்பெட்டி வைத்திருந்த மருத்துவர் எண்ணற்றோர். அவர்தம் விளைவுகளில் நம்பத்தக்கவை மிகச் சில. யேர்மனியில் பிரிச்சு, ஹிற்சிக் என்னும் இருவரும் 1870ஆம் ஆண்டில் நாயின் மூளை மேற்பட்டையை மின்னால் தீண்டி, ஒவ்வோரிடமும் ஒவ்வோர் உறுப்பை அசைப்பதைக் காட்டியதே நிலைத்து நின்ற பேறு. மூளையில் இடத்திற்கேற்ற தொழில் உண்டென்பதும், அத்தொழிலை மின்விசை எழுப்பவல்லது என்பதும் அதனால் உறுதியாயின.

மின்விசை மனச்சிதைவு நோயைச் சந்தித்தபோது அச்சந்திப்பு மென்மையானதாக இருக்கவில்லை. 1930ஆம் ஆண்டுகளில் ஐரோப்பிய மருத்துவமனைகள் நோயாளரால் நிரம்பி வழிந்தன, மருத்துவரிடம் மருந்தில்லை. 1933ஆம் ஆண்டளவில் வியன்னாவிற் சாக்கெல் என்பார் இன்சுலினைச் செலுத்தி நோயாளரை உணர்விழக்கச் செய்தார். 1934இல் அங்கேரியைச் சேர்ந்த மெடுனா, வலிப்பு நோயும் மனச்சிதைவும் ஒன்றையொன்று பகைப்பன எனக் கருதி, கற்பூர ஊசியால் வலிப்பை உண்டாக்கினார். 1935இல் இலிசுபன் நகரில் எகாசு மொனிசு மண்டையைத் துளைத்து மூளையின் நுதற்பகுதி இழைகளை வெட்டினார். அதற்காக அவருக்கு 1949இல் நோபெல் பரிசும் கிடைத்தது. உரோமாபுரியிற் செர்லெற்றி, பினி ஆகிய இருவரும் கொலைக்களத்திற் பன்றிகளை மின்னால் மயக்குவதைக் கண்டு, வலிப்பை உண்டாக்க மின்விசையே ஏற்றதெனத் துணிந்தனர். 1938ஆம் ஆண்டு சித்திரையில் முதன்முதலாக அதனைப் பெற்றவர், புகைவண்டி நிலையத்தில் அலைந்து திரிந்தமையாற் பிடித்துவரப்பட்ட மனச்சிதைவு நோயாளர் ஒருவர். முதற்பாய்ச்சல் பயன்தரவில்லை, இரண்டாவது வேண்டா என்று அவரே தடுத்தார் எனச் செர்லெற்றி பின்னர் எழுதினார். தடையைப் பொருட்படுத்தாது இரண்டாவது பாய்ச்சலும் நிகழ்த்தப்பட்டது.

அம்மின்வலிப்புச் சிகிச்சையை முற்றாகப் பழிப்பது நேர்மையாகாது. மயக்க மருந்தும் தசைதளர் மருந்தும் சேர்ந்தபின் அது அச்சந் தரும் தோற்றத்தை இழந்தது. உயிர்க்கு ஊறு செய்யும் கடுஞ்சோர்வுக்கு இன்றும் அதனினும் விரைந்து பயன்படுவது அரிது. ஆயின் அறிதிறன் குறைந்தவர்க்கு அது மருந்தன்று. வலிப்பின்பின் சில காலம் நினைவு குழம்புதல் அதன் அறியப்பட்ட விளைவு. நினைவு நழுவுகின்றதென வருந்தி வருவார்க்கு நினைவைக் குழப்பும் சிகிச்சையை எவ்வாறு பரிந்துரைப்பது?

1952ஆம் ஆண்டு பாரிசு மாநகரின் சாந்த் ஆன் மருத்துவமனையில் டிலே, டெனிக்கர் ஆகியோர் குளோர்புறோமசீன் என்னும் மருந்தின் பயனை வெளியிட்டனர். வியத்தகு மாற்றம் நிகழ்ந்தது. குரல்கள் தணிந்தன, பூட்டிய கதவுகள் திறந்தன, பல்லாண்டு அடைபட்டிருந்தோர் வீடு திரும்பினர். திரும்பியபின்னரே எஞ்சியது எதுவெனத் தெளிவாயிற்று. மருத்துவமனைச் சுவருக்குள் சமைக்கவும் சில்லறை எண்ணவும் பேருந்து பிடிக்கவும் தேவையில்லை. வெளியுலகில் அவையெல்லாம் தேவை. 1974இல் சுவீடனில் இங்குவார், பிரான்சன் ஆகியோர் மூளையிற் குருதியோட்டத்தை அளந்து, நெடுநாள் நோயாளரின் நுதற்பகுதியில் அது குன்றியிருந்ததைக் கண்டனர். 1986இல் அமெரிக்காவில் வைன்பேகரும் அவர்தம் குழுவினரும் இதனினும் கூர்மையான சோதனையொன்றைச் செய்தனர். நிறத்தாலும் வடிவத்தாலும் எண்ணிக்கையாலும் வேறுபட்ட சீட்டுகளை வகைப்படுத்துவது அச்சோதனை. எவ்விதியின்படி வகைப்படுத்தவேண்டுமெனச் சொல்லமாட்டார்கள். சரி, பிழை என்று மட்டுமே சொல்வார்கள். விதியைக் கண்டுகொண்டபின் அறிவிப்பின்றி அது மாற்றப்படும். நலமுள்ளோர் சில பிழைகளின்பின் புதுவிதியைப் பற்றிக்கொள்வர். நோயாளரிற் பலர் பழைய விதியையே பற்றி நிற்பர். அவ்வேளையில் நலமுள்ளோரின் நுதற்பகுதியிற் பக்கமேற்புறம் குருதியோட்டம் ஓங்க, நோயாளரிடத்து அவ்வாறு ஓங்கவில்லை.

அவ்விடத்தின் தொழிலை யேல் பல்கலைக்கழகத்துப் பற்றீசியா கோல்ட்மன்-றாக்கிச்சு என்னும் அம்மையார் குரங்குகளிடத்து ஆராய்ந்து விளக்கினார். கண்முன் காட்டிய பொருளை மறைத்தபின்னரும், அது இருந்த இடத்தைச் சில கணம் ஏந்திநிற்கும் நரம்புக்கலங்கள் அங்குள்ளன. இவ்வாற்றலே செயல்நினைவு எனப்படுவது. ஆசிரியர் கூறும் நீண்ட வாக்கியத்தின் எழுவாயைப் பயனிலை வருமளவும் உள்ளத்தில் தாங்கி வைப்பது அதுவே. தமிழ்போலப் பயனிலையை ஈற்றில் வைக்கும் மொழியைப் பேசுவோர்க்கு இதனை மேலும் விளக்கவேண்டுவதில்லை. 1996ஆம் ஆண்டில் மைக்கேல் கிறீன் என்பார் அதுவரை நிகழ்ந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, நோயாளர் தொழில்புரிந்து தம்மைத் தாமே பேணி வாழ்வாரா என்பதை முன்னுணர்த்துவது குரல்களின் கடுமையன்று. சொல்நினைவு, விழிப்பான கவனம் முதலிய அறிதிறன்களே எனக் காட்டினார். கிறேப்பெலினின் நூல் வெளியாகி அப்போது ஏறத்தாழ நூறு ஆண்டு கடந்திருந்தது.

இடம் இன்னதெனத் தெரிந்தது. அவ்விடத்தைக் கத்தியின்றி எட்டும் கருவியும் அக்காலத்திலேயே ஆயத்தமாகி வந்தது. அதன் பிறப்பிடம் மனநோய் மருத்துவமனையன்று. மாறும் காந்தப்புலம் அயலிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தை எழுப்பும் என்பதை மைக்கேல் பரடே 1831ஆம் ஆண்டிலேயே நிறுவினார். பௌதிகம் பயிலும் மாணவர் யாவரும் அறிந்த விதி அது. மூளையும் ஒரு கடத்தியே. 1896இல் பிரெஞ்சு அறிஞர் தார்சொன்வால் பெரிய மின்சுருளுள் தலையைப் புகுத்தியபோது கண்ணில் ஒளிப்பொறிகள் தோன்றின. 1910இல் இலண்டனிற் சில்வானசு தொம்சன் அதனையே மீண்டும் கண்டார். அவ்வொளி மூளையிலன்றி விழித்திரையில் எழுந்தது என்பது பின்னர்த் தெளிந்த செய்தி.

1980இல் இலண்டன் நரம்பு மருத்துவமனையைச் சார்ந்த மேட்டனும் மோட்டனும், உச்சந்தலைத் தோலின்மேல் வைத்த முனைகளால் உயர்ந்த மின்னழுத்தத்தை ஒரு கணம் பாய்ச்சி, விழித்திருக்கும் மனிதனின் கையை அசைத்துக் காட்டினர். செய்கை வெற்றியே, ஆனால் தோலும் தலைத்தசையும் மின்னை முதலில் ஏற்பதால் வலி பொறுத்தற்கரிதாயிற்று. ஷெபீல்ட் நகரில் அந்தனி பாக்கரும் அவர்தம் துணைவரும் இவ்விடரை வேறுவழியாற் கடந்தனர். ஒடுக்கியிற் சேமித்த மின்னை ஒரு செப்புச் சுருளினூடே திடீரென விடுத்தால், ஆயிரக்கணக்கான அம்பியர் அளவான ஓட்டம் ஓராயிரத்திலொரு செக்கனுள் எழுந்து மடியும். அதனால் உண்டாகும் காந்தப்புலம் ஏறக்குறைய 2 தெசுலா வரை உயரும். எலும்பும் தோலும் காந்தத்தைத் தடுப்பதில்லை. எனவே வலியின்றி மூளையின் மேற்பரப்பிலே, இரண்டு மூன்று சதமமீற்றர் ஆழத்திலே, சிறு மின்னோட்டம் பிறக்கும். 1985ஆம் ஆண்டு இதனை வெளியிட்டபோது அவர்கள் கருதியது மனநோயை அன்று. மூளைக்கும் தசைக்குமிடையே நரம்புச் செய்தி செல்லும் விரைவை அளப்பதையே. இச்சுருளைத் தொடர்ச்சியாகத் துடிக்கவிட்டால் மூளையின் எழுச்சி மாறுகின்றது என்பது அடுத்த பத்தாண்டிற் புலனாயிற்று. செக்கனுக்கு ஒன்றாக மெல்லத் துடித்தால் அவ்விடத்தின் எழுச்சி தணியும். பத்து, இருபது என விரைந்து துடித்தால் மிகும் என்பது பொது விதியாகக் கொள்ளப்பட்டது. எல்லோரிடத்தும் இவ்விதி ஒருபடித்தாக நிகழ்வதில்லை என்பதையும் ஈண்டே குறித்தல் வேண்டும்.

மற்றைய கருவி இதனினும் எளியது. நீரில் உப்பிட்டு நனைத்த இரு பஞ்சுறைகளுள் மின்முனைகளை வைத்துத் தலையிற் கட்டி, 1 அல்லது 2 மில்லியம்பியர் அளவான நேரோட்டத்தை 20 நிமிடம் விடுவதே அது. இதன் அடிப்படை 1960ஆம் ஆண்டுகளில் இலண்டனிற் கிடைத்தது. பின்ட்மன், லிப்பொல்ட், றெட்பேண் ஆகியோர் எலியின் மூளையில் மென்மையான நேரோட்டத்தைச் சில நிமிடம் செலுத்தியபோது, நரம்புக்கலங்களின் எழுச்சி நிறுத்தியபின்னும் சில மணிநேரம் மாறியே இருந்தது. மருந்துகளின் வெற்றி முழங்கிய அக்காலத்தில் இதனைப் பேணுவார் அருகினர். 2000ஆம் ஆண்டில் யேர்மனியின் கொற்றிங்கன் நகரில் நிற்சே, பவுலுசு என்னும் இருவர் மனிதரிடத்தும் அதனைக் காட்டியபின்னரே அத்துறை உயிர்பெற்றது. இம்மின்னோட்டம் நரம்பை நேரே இயக்கும் வலியுடையதன்று. இயங்கும் ஆயத்தத்தைச் சற்றே கூட்டியும் குறைத்தும் வைப்பது மட்டுமே அதன் வேலை.

இவ்விரு கருவிகளும் மனச்சிதைவு நோயாளரிடம் வந்தபோது, முன்போலவே குரல்களே முதலிடம் பெற்றன. யேல் பல்கலைக்கழகத்து இரால்ப் ஹொப்மன் 2000ஆம் ஆண்டில், இடப்பக்கக் காதின் மேலுள்ள பகுதியை மெல்லிய காந்தத் துடிப்பால் தணித்துக் குரல்கள் குறைவதாக அறிவித்தார். பிரான்சின் லியோன் நகரிற் புறுனெலின் குழுவினர் 2012இல் நேரோட்டத்தால் 30 நோயாளரிடம் அவ்வாறே கண்டனர். அறிதிறனின் முறை அதற்குப் பின்னரே வந்தது. அளவுகோல் இல்லாத குறையும் 2008ஆம் ஆண்டளவில் நீங்கிற்று: அமெரிக்க அரசின் மனநல நிறுவனத்தின் முயற்சியால், சிந்தை விரைவு, கவனம், செயல்நினைவு, சொல் கற்றல், காட்சி கற்றல், சிக்கல் தீர்த்தல், பிறர் உள்ளம் உணர்தல் என்னும் ஏழு துறைகளை அளக்கும் பத்துத் தேர்வுகள் ஒன்றாகத் தொகுக்கப்பட்டன.

தொடக்கம் நம்பிக்கை ஊட்டிற்று. 2013ஆம் ஆண்டிற் கனடாவின் ரொறன்ரோ நகரில், 30 பேருக்கும் குறைந்த நோயாளரிடம், நுதற்பகுதியின் இருபுறமும் செக்கனுக்கு 20 துடிப்பு வீதம் நான்கு வாரம் காந்தம் செலுத்தப்பட்டது. மெய்ச் சிகிச்சை பெற்றோரின் செயல்நினைவு போலிச் சிகிச்சை பெற்றோரினும் மேம்பட்டு, நலமுள்ளோரின் அளவை நெருங்கியதென அறிவிக்கப்பட்டது. 2014இல் அவுஸ்திரேலியாவில் ஒரேயொரு முறை 2 மில்லியம்பியர் செலுத்தியதன்பின் 40ஆம் நிமிடத்தில் செயல்நினைவு உயர்ந்ததாகக் கண்டனர். 2015இல் அமெரிக்காவில் 37 பேரைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வில், ஐந்து நாள் நேரோட்டத்தின்பின் மேற்கூறிய தேர்வுத் தொகுதியின் மொத்தப் புள்ளியும் ஏறியது. அறுபதாண்டு மருந்துகள் செய்யாததை இரு பஞ்சுறைகள் செய்துவிட்டனவோ என்று எண்ணத் தோன்றிய காலம் அது.

பெரிய ஆய்வுகள் அவ்வெண்ணத்தை ஆதரிக்கவில்லை. யேர்மனியின் மூன்று பல்கலைக்கழக மருத்துவமனைகள் சேர்ந்து 175 நோயாளரிடம் மூன்று வாரம் காந்தத் துடிப்பைச் செலுத்திய ஆய்வு 2015இல் வெளியாயிற்று. ஊக்கக் குறைவு முதலிய குறிகளில் மெய்க்கும் போலிக்கும் வேறுபாடில்லை. அவருள் அறிதிறன் தேர்வு எழுதிய 156 பேரின் விடைகளை 2016இல் தனியே நோக்கியபோதும் வேறுபாடில்லை. யாவற்றினும் கனமான செய்தி ரொறன்ரோவிலிருந்தே வந்தது. 2013இன் முடிவை உறுதிசெய்யும் பொருட்டு அதே நகரில், அதே முறையில், முன்னையதினும் மிகுந்த தொகையினரிடம் நிகழ்த்திய ஆய்வு 2021இல் வெளியானபோது, செயல்நினைவிற் பயனெதுவும் தோன்றவில்லை. தம் நகரில் எழுந்த நம்பிக்கையைத் தாமே மீளச் சோதித்து, எதிர்மறையான முடிவையும் மறையாது வெளியிட்ட அவ்வாய்வாளர் செயல் அத்துறையின் நேர்மைக்குச் சான்றாகும்.

காரணங்கள் பல. தேர்வொன்றை இரண்டாமுறை எழுதும் எவரும் முன்னையினும் நன்றாக எழுதுதல் இயல்பு. சிறு கூட்டத்தில் இப்பழக்கப் பேறு மெய்ச் சிகிச்சையின் பயன்போல் தோன்றிவிடும். போலிச் சிகிச்சையை அமைப்பதும் எளிதன்று. காந்தச் சுருள் ஒவ்வொரு துடிப்பிலும் ஓசையெழுப்பி உச்சந்தலையைத் தட்டும். ஆதலாற் போலிச் சுருளும் ஓசையெழுப்பல் வேண்டும். நேரோட்டத்திலோ தொடக்கத்திற் சில செக்கன் மட்டும் மின்னை விட்டு, தோலில் ஊரலை உண்டாக்கியபின் நிறுத்திவிடுவர். நோயாளர் இவ்வேறுபாட்டைக் கண்டுகொள்ளின், நம்பிக்கையே பாதி மருந்தாகிவிடும். இனி, செலுத்திய மின் முழுவதும் மூளையைச் சேர்கின்றதா? 2018இல் அங்கேரிய ஆய்வாளர் பிணத்தலைகளில் அளந்தபோது, தோலும் மென்றசையும் மண்டையோடும் நான்கில் மூன்று பங்கை விழுங்கிவிட்டன. எஞ்சிய கால்பங்கு ஒவ்வொருவர் தலையமைப்புக்கும் ஏற்ப வேறுவேறிடம் பரவும். தேர்வுக்கு முன் அறிவைக் கூர்மையாக்கும் என்று கூறி இத்தகைய கருவிகளை மாணவர்க்கு விற்கும் வணிகர் இவ்வளவுகளை விளம்பரத்திற் சேர்ப்பதில்லை.

மூளையின் உள்ளமைப்பும் எண்ணியதினும் சிக்கலானது. செயல்நினைவின்போது நுதற்பகுதிக் கலங்கள் செக்கனுக்கு ஏறத்தாழ 40 முறை ஒருங்கே துடிக்கின்றன. அத்தாளத்தைக் கட்டுப்படுத்தும் சிறு அடக்குங்கலங்கள் மனச்சிதைவு நோயாளரிடம் வலுக்குன்றியிருப்பதை, இறந்தோர் மூளையை ஆராய்ந்த இலூயிசு முதலானோர் கண்டனர். தாளம் பிசகிய மேளக்காரரை நோக்கி உரத்து அடிக்குமாறு சொல்வதாற் கச்சேரி சீர்ப்படாது. ஆதலாற் கருவியின் வலிமையைக் கூட்டுவதை விடுத்து, தாளத்திற்கு ஏற்ப மாறிமாறி ஓடும் மின்னைச் செலுத்த ஒரு சாரார் முயல்கின்றனர். வேறு சிலர் இடத்தையே மாற்றினர். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், நுதற்பகுதியோடு இணைப்புண்ட சிறுமூளையின் நடுப்பகுதியைக் காந்தத்தால் தூண்டியபோது, அவ்விணைப்பு வலுப்பட்டு நோயாளரின் ஊக்கக் குறைவும் தணிந்ததாக 2019இல் வெளியிட்டனர். அதுவும் மிகச் சிறு தொகையினரிடம் கண்டதே. ரொறன்ரோவின் வரலாற்றை அறிந்தோர் அதனைப் பொறுத்திருந்தே நோக்குவர்.

காந்தத் துடிப்பு 2008ஆம் ஆண்டில் அமெரிக்க அரசால் மனச்சோர்வுக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது. பிற நாடுகளும் அதனைக் கைக்கொண்டன. மனச்சிதைவு நோயாளரின் அறிதிறன் குறைபாட்டுக்கு அது இன்னும் ஆய்வுநிலையிலுள்ள முயற்சியே. மருந்தின் நிலையும் இதனின் மேம்பட்டதன்று: அதற்கெனவே இயற்றப்பட்ட ஐக்லெபெர்ட்டின் என்னும் மருந்து மூன்றாங்கட்ட ஆய்விற் பயனளிக்கவில்லையென 2025இன் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. இவற்றிடையே சிறிதாயினும் நிலையான பயனைக் காட்டிநிற்பது பழைய பள்ளிமுறையாகிய பயிற்சியே. பயிற்றுநர் அருகிருந்து கவனத்தையும் நினைவையும் பல வாரம் பழக்கும் அம்முறைபற்றி 40 ஆய்வுகளையும், அவற்றிற் பங்குகொண்ட இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரையும் 2011இல் வைக்சு என்னும் அம்மையாரும் துணைவரும் தொகுத்து நோக்கி, நடுத்தரமான பயன் உண்டென்றும், அது பயிற்சி முடிந்தபின்னும் நீடிக்கின்றதென்றும் கண்டனர். அதனால் இப்போது மின்னோட்டத்தைப் பயிற்சியோடு சேர்த்துச் செலுத்தும் ஆய்வுகள் பல நாடுகளில் நிகழ்கின்றன. நனைந்த பஞ்சுறைகளைத் தலையிற் கட்டியவாறே நோயாளர் எண்களை நினைவில் ஏந்திப் பழகுகின்றார். மின்னோட்டம் 20 நிமிடத்தில் நிற்கும். பயிற்சி அதன்பின்னரும் சில நேரம் தொடரும்.